மதகு இரைச்சலில் என் வீட்டுக்காரர் பேசியது

வேன் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தைத் தாண்டும்போது நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பழனி பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். மடியில் ஒரு பை. ஒருநாள் டூருக்கு வந்தவளுக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மாற்றுத்துணி என்று சொல்ல வைத்திருந்தேன். பொய்யில்லை, மாற்றுத்துணிதான். என்னிடம் இருந்த அத்தனை மாற்றுத்துணியும் அதற்குள் இருந்தது.

சாயங்காலம் திரும்பும்போது இதே இடத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்துவார்கள். கூட்டத்தோடு நைசாக இறங்கி, பழனி பஸ் ஏறி, திண்டுக்கல், மதுரை என்று மாறி மாறிக் கோவில்பட்டி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதுதான் என் திட்டம். கல்யாணமாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

வேனுக்குள் ஒரே கும்மாளம். முன் சீட்டில் பாட்டு, பின் சீட்டில் அதைவிடச் சத்தமாக இன்னொரு பாட்டு. என் மாமியார் முறுக்கு டப்பாவைத் திறந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது மட்டும் கூடுதலாக ஒன்று வைத்தார். "தின்னு கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது" என்றார். இரண்டையும் பையின் ஓரத்தில் செருகிக்கொண்டேன்.

பை நிறைந்த கதை

எனக்குக் கல்யாணம் நடந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தெற்கே கரிசல்காட்டுக்காரி. சித்தி வீட்டில் தங்கி, முதலிபாளையம் எஸ்டேட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். பனியனில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும், எண்ணெய்க் கறை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் வேலை. சர்ச் சபையில் பேசி எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் தாவீது, ஊர் அவிநாசிபாளையம், பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். பல்லடத்துப் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல மனிதர். குடி கிடையாது, வம்பு கிடையாது. ஆனால் பேச்சும் கிடையாது. அதுதான் என்னைக் கொன்றது.

ஒரே அறை வீடு. நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தோம். திரைக்கு அந்தப் பக்கம் மாமியார். புதுப்பெண் குரலை உயர்த்தினால் எங்கள் ஊரில் அவள் அம்மாவைத்தான் ஏசுவார்கள். அதனால் நான் பேசுவதெல்லாம் குசுகுசுவென்றுதான். அவர் என் முகத்தைப் பார்ப்பார், சிரிப்பார், "சரிங்க" என்பார். அவ்வளவுதான். கட்டிய பெண்டாட்டியை 'வாங்க, போங்க' என்று ஒருவர் கூப்பிட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. விருந்தாளியிடம் பேசுகிறாற்போல இருக்கும். கொங்குக்காரர்கள் கோழியைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் திரைக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா? இல்ல, யாரும் கட்டாயப்படுத்திக் கட்டி வச்சாகளா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். சிரித்தார். "டீ நல்லா இருக்குதுங்க" என்றார்.

பனியனில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இந்தப் பதிலில் குறை தெரியாதா? பிடிக்கவில்லை என்பதைத்தான் மனிதர் இவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அன்றைக்கே பையை எடுத்துத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

டேம் ரொம்பிருச்சாம்

அந்த ஐப்பசியில் மழை பெய்யவில்லை, கொட்டியது. தரைப்பாலங்கள் மூழ்கின. நொய்யல் ஒவ்வொரு வருடமும் சாயப்பட்டறைகளின் கலரில்தான் ஓடும். அந்த வருடம்தான் அதை மண் நிறத்தில் பார்த்தேன். அமராவதிக் கரையோரம் பல ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஜனங்கள் பள்ளிக்கூடங்களில் படுத்துக் கிடந்தார்கள். எங்கள் கம்பெனிக்குத் துணி வந்து சேரவில்லை. செக்கிங் மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மழை வெறித்து, தண்ணீர் வடிந்து, ரோட்டையெல்லாம் ஓரளவு சரிசெய்த பிறகு ஒருநாள் கண்ணம்மாக்கா போனைக் கையில் பிடித்தபடி வந்தார். எங்கள் செக்கிங் செக்‌ஷனுக்கு அவர்தான் தலைவி. பிறந்த ஊர் அமராவதிக் கரையிலிருக்கும் கொமரலிங்கம்.

"எங்கண்ணன் போன் பண்ணுச்சு. வயல்ல ஏறுன தண்ணி வடிஞ்சிருச்சாமா, பயிரு தப்பிச்சுக்கிச்சாமா. டேம் ரொம்பி மதகெல்லாம் தொறந்து உட்டிருக்கறாங்களாமா. ஞாயித்துக்கெழம ஒரு வேன் புடிச்சுப் போயிப் பாத்துட்டு வந்தர்லாமா?"

வெள்ளம் வந்து போன இடத்துக்கு டூரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டேம் நிறைந்தால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் குழந்தை பிறந்தால் போய்ப் பார்க்கிறோம் இல்லையா, அந்த மாதிரிதான்.

விஷயம் என் மாமியார் காதுக்குப் போனது. "புதுசாக் கண்ணாலம் பண்ணுனவங்க ஒரு பக்கங்கூடப் போகலீங்க. நாங்களும் வர்றோமுங்க" என்று கண்ணம்மாக்காவிடம் சொல்லிவிட்டார். புதுமணத் தம்பதியின் முதல் பயணத்துக்கு ஒரு வேன் நிறையக் கூட்டமும் மாமியாரும். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் வழியில் பழனி பஸ் கிடைக்கும்.

கிளம்பும்போது கண்ணம்மாக்கா ஒரு மூட்டையைப் பிரித்தார். ஏதோ ஒரு கம்பெனியில் ஆர்டர் கேன்சலாகி லாட்டாக விற்ற டி-ஷர்ட். கிளிப்பச்சை நிறம். நெஞ்சில் ஒரு கரடி பனியில் சறுக்கிக்கொண்டிருந்தது. "எல்லாம் இதையே போட்டுக்கங்க. கூட்டத்துல யாரும் தொலஞ்சு போகாம இருக்கோணுமல்லொ" என்றார். என் மாமியார் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். ஜம்மென்று இருந்தார்.

திருமூர்த்தி மலையில் சேறு

முதலில் திருமூர்த்தி மலை. அருவிக்குப் போகும் வழியில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. குளிக்கத் தடை, ஏறத் தடை. பாறைகள் உருண்டு வந்து பாதையில் கிடந்தன. மேலே மலை இடுக்கில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அதைப் பார்ப்பதற்காகக் கயிற்றோரம் பச்சைச் சட்டைகளாக வரிசை கட்டி நின்றோம்.

கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து வடிந்திருந்தது. கணுக்கால் அளவுக்குச் சேறு. உள்ளூர்க்காரர்கள் சிலர் வாளியும் துடைப்பமுமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கண்ணம்மாக்கா கும்பிட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் சொருகி ஒரு துடைப்பத்தை எடுத்தார். பார்த்துக்கொண்டு நிற்க எங்களுக்கும் மனம் வரவில்லை, இறங்கிவிட்டோம். என் மாமியார் வாசலிலேயே நின்றவர், சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரு வாளியைப் பிடித்தார். "ஆரூட்டுச் சேறா இருந்தா என்னுங்க, கழுவித்தானுங்க ஆகோணும்" என்றார்.

டூர் போன இடத்தில் தரை கழுவிய கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருவர் வழுக்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்தார். பனிக்கரடியெல்லாம் சேற்றுக்கரடி ஆயிற்று. என் வீட்டுக்காரர் சளைக்காமல் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார், யாரிடமும் பேசவில்லை. "தங்கமான பையன் புள்ள" என்று கண்ணம்மாக்கா என் காதில் சொன்னார். தங்கத்தை வைத்துக்கொண்டு பேசவா முடியும் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

யார் யாருடைய கரடி

அமராவதி அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பூங்காவில் செடிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. படகு ஓடவில்லை. முதலைப் பண்ணையும் பூட்டிக் கிடந்தது. வெள்ளத்தில் முதலைகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிட்டதாகத் திருப்பூர் வரைக்கும் வதந்தி ஓடியிருந்தது. கண்ணம்மாக்கா காவலாளியிடம் அதையே கேட்டார்.

"எல்லாம் உள்ளதான் படுத்துக் கெடக்குதுங்க. வெளிய போனா ஆருங்க சோறு போடுவாங்க" என்றார் அவர்.

அப்போது இன்னொரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் அத்தனை பேரும் கிளிப்பச்சை. நெஞ்சில் அதே கரடி. கேன்சலான லாட்டைப் பிரித்து நாலு பேருக்கு விற்றிருப்பார்கள் என்று எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை. தொலைந்து போகாமல் இருக்கப் போட்ட சட்டையால் அரை மணி நேரம் ஒரே களேபரம். என் மாமியார் யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "வழுக்கும் கண்ணு, பாத்து வா" என்று அணைக்கட்டுப் படி வரை கூட்டிப் போய்விட்டார். அந்தப் பெண்ணும் மறுக்காமல் போயிருக்கிறாள்.

மதகடியில்

மதகுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் நான் அழுதுவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்று சண்டை போட்டு வளர்ந்தவள் நான். இங்கே தண்ணீர் மலை சரிந்தாற்போல விழுந்து, நுரைத்து, பாலத்தடியில் பாய்ந்தது. சாரல் முகத்தில் தூவியது. மண் வாசமும் மீன் வாசமும் கலந்து அடித்தது. இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். பக்கத்தில் நிற்கிறவர் கத்துவது வாய் அசைவதாக மட்டும் தெரிந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மீன் கடைகள். வெள்ளம் கூரைத் தகரங்களை அடித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு அம்மா மட்டும் தார்ப்பாய் கட்டி எண்ணெய்ச் சட்டியை வைத்திருந்தார். மழைக்குப் பிறகு ஒரு ஈ காக்காகூட வரவில்லையாம். இரண்டு வேன் கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மீன் வாங்க என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போயிருந்தார். நானும் மாமியாரும் இந்தப் பக்கம். பை என் தோளில்.

என்ன மீன், எத்தனை பேருக்கு என்று கண்ணம்மாக்கா இங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினார். ஒன்றும் போய்ச் சேரவில்லை. அப்போது எங்கள் பக்கத்தில் நின்ற மற்ற வேன்காரர் ஒருவர், சோமனூர்க்காரராம், கையைத் தூக்கினார். விரலை மடக்கினார், நீட்டினார், உள்ளங்கையைப் புரட்டினார்.

அக்கரையில் ஒரு பச்சைச் சட்டை சட்டென்று நிமிர்ந்தது. அதுவும் இரண்டு கைகளையும் தூக்கிப் பதில் சொன்னது. அது என் வீட்டுக்காரர்.

விஷயம் இதுதான். விசைத்தறிக் கொட்டகைக்குள் அத்தனை தறிகளும் ஓடும்போது வாயால் பேச முடியாது. தறிக்காரர்கள் கையால்தான் பேசுவார்கள். இழை அறுந்தது, டீ வந்தது, கரண்ட் போகப் போகிறது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் கை உண்டு. இங்கே ஊரெல்லாம் ஊமையாகி நிற்க, இந்த இரண்டு பேரும் ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். மாமனாரும் தறிக்காரர் என்பதால் என் மாமியாருக்கு அந்தப் பேச்சு முழுக்கத் தெரியும். என் காதருகே வாயை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஜிலேபி மீனு, கட்லா ரெண்டும் இருக்குதாமா. கடைக்காரம்மா பாவம், எல்லாத்தையும் வாங்கிக்கலாம்ங்கறான். அந்தச் சோமனூர்க்காரன், உங்க வேன்ல சாப்பாட்டு ராமன் ஆருன்னு கேக்கறான். இவன் டிரைவரக் காட்டறான் பாரு."

அக்கரையில் அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் நடப்பதைப் போல் நடந்து காட்டினார். திருமூர்த்தியில் வழுக்கி விழுந்ததை நடித்தார். கிண்டலும் கேலியுமாகக் கை பறந்தது. என்னோடு இரண்டு வார்த்தை பேசாத மனுசன்.

எனக்கு வந்ததே கோபம். முன்பின் தெரியாத சோமனூர்க்காரருக்குக் கதை சொல்லத் தெரிகிறது, எனக்கு டீ நல்லா இருக்குதாம். பையை இழுத்து மாட்டிக்கொண்டு திரும்பினேன். மாமியார் என் கையைப் பிடித்தார். "நில்லு கண்ணு. உன்னையத்தான் கூப்பிடறான்."

திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

என்னைக் காட்டினார். தோளில் பை தொங்குவதுபோல் கையை வைத்து, பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தார். காலையில் பையை வேனுக்குள் தூக்கி வைத்தவர் அவர்தானே. ஸ்டியரிங் பிடித்துத் திருப்பினார். தெற்கே கையை நீட்டினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு மாமியார் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அந்தப் பேச்சு தெரியாது. தெரிந்ததைப் பேசினேன். என் வாயைத் தொட்டு விரல்களைக் குவித்து விரித்தேன், பேசினேன், பேசினேன், பேசினேன் என்று. அவர் வாயைக் காட்டிப் பூட்டுப் போட்டேன். சாவியைத் தூக்கி ஆற்றில் எறிந்தேன்.

அவர் மெதுவாகத் தன் காதைத் தொட்டார். முஷ்டியை முன்னும் பின்னும் தள்ளி இழுத்தார், தறி அடிப்பதுபோல. அப்புறம் காதருகே கையை வீசித் துடைத்தார். போய்விட்டது என்று. அடுத்த காதைத் தொட்டுக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்து, இத்தனூண்டு என்று காட்டினார்.

மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தறிக்காது கண்ணு. சின்ன வயசுலயே தறிக்குப் போயிட்டான். சத்தமாப் பேசுனாக் கேக்கும். நீ பேசறது ஒண்ணுங் கேக்காது அவனுக்கு. சொன்னாப் பொண்ணு குடுக்க மாட்டாங்களோன்னு நாந்தான் வாயத் தொறக்காதேன்னு சொல்லி வெச்சேன். தப்பு என்மேலதான்."

ஆத்திரம் வந்தது உண்மை. மறைத்துவிட்டார்களே என்று மாமியாரை ஒரு முறை முறைத்தேன். அடுத்த நிமிஷம் அந்த டீ ஞாபகம் வந்தது. பாவி மனுசன். நான் வாழ்வா சாவா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் காதில் ஒரு எழுத்தும் விழவில்லை. பெண்டாட்டி ஏதோ கேட்கிறாளே, டீயைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் முதலில் பயந்தார், அப்புறம் அவரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

கேட்ட கேள்வி

அவர் மீன் பொட்டலங்களோடு பாலத்தைக் கடந்து வந்தார். நேராக என்னிடம் வந்து, தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இரைச்சல் குறைவாக இருந்த புளியமரத்தடிக்கு எல்லோரும் நகர்ந்தோம். வாழையிலையில் மீன் ஆவி பறந்தது. இரண்டு வேன் ஆட்களும் கலந்து உட்கார்ந்துவிட்டார்கள், யார் எந்த வேன் என்று யாரும் பார்க்கவில்லை.

அவர் என் எதிரில் உட்கார்ந்தார். "ஏனுங்க, அன்னிக்கு டீ குடிக்கறப்ப ஏதோ கேட்டீங்களே. என்ன கேட்டீங்க?" என்றார். இத்தனை நாளும் அது அவர் மனதிலும் இருந்திருக்கிறது.

மெதுவாகச் சொன்னேன். காதைக் காட்டித் தலையை ஆட்டினார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். இன்னும் என்பதுபோல் கையைத் தூக்கினார். எனக்கு வெட்கம், மானம், மாமியார், ஊர் எல்லாம் மறந்துபோயிற்று. கரிசல்காட்டில் இந்தப் புஞ்சையிலிருந்து அந்தப் புஞ்சைக்குக் கூப்பிடுகிற குரலை எடுத்து, "உங்களுக்கு என்னையப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன்" என்று கத்தினேன்.

புளியமரத்தடியில் அத்தனை கரடிகளும் என் பக்கம் திரும்பின. கண்ணம்மாக்காவின் கையில் மீன் அப்படியே நின்றது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். நெஞ்சருகே ஏதோ முடிச்சுப் போட்டார், இழுத்துப் பார்த்தார், என்னைக் காட்டினார், இன்னும் என்னென்னவோ செய்தார். வெகுநேரம் சொன்னார். சோமனூர்க்காரர் "யப்பா டேய்" என்று தொடையைத் தட்டினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியார் பக்கம் திரும்பி, "அத்தை, என்ன சொல்லுதாக?" என்று கேட்டேன்.

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். "அதையெல்லாம் ஒரு மாமியா வாயால சொல்ல முடியுமா கண்ணு. ஊட்டுக்குப் போயி நீயே கேட்டுக்க. சத்தமா மட்டும் கேட்டராத, கையிலயே கேளு."